இல்லாத விமானத்துக்காக விழுந்தவர்

மோதல் எச்சரிக்கைக் கருவியைப் பற்றிய பாடம் உங்களுக்கு இந்த மாதம் நடந்திருக்கும். பாடம் முடிந்து தேநீர் குடிக்கப் போகும்போது, ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் யாராவது ஒருவர், "அது சில நேரம் சும்மாவும் கத்தும்" என்று சொல்லிச் சிரித்திருப்பார். நீங்களும் சிரித்திருப்பீர்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

நம் மலையகத்திலிருந்து நான்கு பேர் விமானிப் பயிற்சியில் இருக்கிறீர்கள் என்று அறிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஏற்றுவது, இறக்குவது, மழையில் ஓடுபாதையைப் பிடிப்பது இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. நான் எழுதப் போவது ஒரு காலை நேரத்தில் மூன்று நொடிகள் தாமதித்ததைப் பற்றி மட்டும். விமானம் ஓட்டுவதை நான் விட்டு ஒரு வருடமாகிறது. இப்போது தரையில் நின்று பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏன் விட்டேன் என்று கேட்பவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவருகிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவர். அப்பா பள்ளிக்கூட வாசலை எங்களைச் சேர்க்க வந்த அன்றுதான் மிதித்தார். பெரகல சந்திக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில், விமானி ஆகப் போகிறேன் என்று நான் சொன்னபோது பக்கத்து வீட்டு மாமா, "மொதல்ல அப்புத்தளைக்குப் போற பஸ்ல வாந்தி எடுக்காம போயிட்டு வா" என்றார். சீருடையோடு முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று வேண்டுமென்றே அவர் வாசல் வழியாக நடந்தேன். பெருமை எனக்கு அதிகம். இதை எழுதுவதற்குக் காரணம், அந்தப் பெருமையும் இந்தச் சம்பவத்தில் ஒரு வேலை செய்திருக்கிறது.

கருவியைப் பற்றி நான்கு வரி. பக்கத்தில் பறக்கும் விமானங்களை அது ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். மோதும் அளவுக்கு நெருங்கினால் ஒரு விமானத்தை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். அதனால்தான், தரையிலிருக்கும் கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் கருவி சொன்னதையே செய்ய வேண்டும் என்பது விதி. நாம் மாற்றிச் செய்தால் எதிரே வருபவரோடு சேர்ந்து ஒரே பக்கம் போவோம். அபூர்வமாக, வானத்தில் இல்லவே இல்லாத ஒரு விமானத்தையும் அது காணும்.

அந்த வாரம் நாங்கள் எடுத்த விமானத்தில் அப்படி இரண்டு முறை நடந்திருந்தது. இரண்டு முறையும் வானம் காலியாகத்தான் இருந்தது. பொறியியலாளர்கள் சோதித்துப் பார்த்து, குறை எதுவும் தென்படவில்லை என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். வளைகுடாவிலிருந்து புறப்படுமுன் அந்தப் பக்கத்தை நானும் கேப்டனும் படித்தோம்.

"நம்முடைய பேய் இன்றைக்கும் வருமோ?" என்றார் அவர்.

"வந்தால் தேநீர் கொடுப்போம்" என்றேன் நான்.

இருவரும் சிரித்தோம். நாங்கள் செய்த முதல் தவறு அந்தச் சிரிப்பு. வந்தால் என்ன செய்வோம் என்று ஒரு வரி பேசியிருக்க வேண்டும்.

பயணிகளில் பாதிக்கு மேல் பெண்கள். வீட்டுவேலைக்குப் போய்த் திரும்புபவர்கள். அவர்கள் ஏறும்போது நான் கதவருகே நின்றேன். "தள்ளிப் போங்கக்கா, பையி சிக்கிக்கிச்சு" என்று ஒரு குரல் கேட்டது. காதில் விழுந்ததும் எனக்கு ஊர் வாசனை வந்துவிட்டது. எல்லாம் நம் பக்கத்துப் பேச்சு.

காலையில், இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன், கேப்டன் வழக்கமான அறிவிப்பைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "தமிழில் நீங்கள் சொல்லுங்களேன்" என்றார். விமானத்தை அவர் பார்த்துக்கொள்ள, நான் ஒலிவாங்கியை எடுத்தேன். நேரமும் காலநிலையும் சொன்னால் போதும். நான் அதோடு நிறுத்தவில்லை.

"நான் இந்த விமானத்தின் துணை விமானி. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஊருக்குத் திரும்பும் உங்களை எல்லாம் நான்தான் இன்றைக்கு இறக்கப் போகிறேன்."

பணிப்பெண் உள்தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார், எல்லாரும் கைதட்டுகிறார்கள், சிலர் அழுகிறார்கள் என்று. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டோடு விமானத்தைத் திரும்ப என் கையில் வாங்கினேன்.

கைதட்டியவர்களில் ஒருவர் பெயர் சிவபாக்கியம். வயது நாற்பத்திரண்டு. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தைச் சேர்ந்தவர். நான்கு வருடம் ஒரு வீட்டில் சமைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பஸ்ஸில் போயிருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரிந்த பையன் பஸ் ஓட்டினால், நம்மவர்கள் பின்னால் உட்கார மாட்டார்கள். முன்னால் போய், அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு, கையில் இருக்கும் பழமோ வடையோ எதையாவது கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். கொடுக்காமல் இறங்கினால் மரியாதை இல்லை. சிவபாக்கியம் தன் பையிலிருந்து ஒரு பொதி பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆசனப்பட்டி விளக்கு இன்னும் எரியவில்லை. கொஞ்சம் இறங்கிய பிறகு போடுவது எங்கள் வழக்கம். பணிப்பெண் வழிமறித்து, உட்காரும்படி தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறார்.

"இரும்மா, நம்ம புள்ள ஓட்டுது. இத குடுத்துட்டு வந்து ஒக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அப்போது நாங்கள் கடலுக்கு மேல் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது, எங்களுக்கு நேர் கீழே. அடுத்த கணம் குரல். "க்ளைம்ப், க்ளைம்ப்."

"அதே பேய்" என்றார் கேப்டன்.

என் கை பிடியின் மேல் இருந்தது. அசையவில்லை. மனதுக்குள் ஒருத்தி மிகத் தெளிவாகப் பேசினாள். இது பொய். இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறது. பதிவேட்டை நீயே படித்தாய். மற்றவர்களைப் போல நீ பயப்பட வேண்டாம், உனக்குத் தெரியும். அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன். பரீட்சைகளில் எல்லாம் என்னைக் கரைசேர்த்தது அந்தக் குரல்தான்.

மூன்று நொடி. பிறகு கருவி குரலை உயர்த்தியது. இன்னும் வேகமாக ஏறு என்றது. கேப்டனின் குரலும் மாறிவிட்டது. "ஏற்று" என்றார்.

இப்போது பயந்தேன். ஒருவேளை உண்மையாக இருந்தால்? மூன்று நொடியில் செய்யாததை எல்லாம் ஒரே இழுப்பில் செய்தேன். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. என் கன்னம் கீழே இழுபட்டதை உணர்ந்தேன். சில நொடியில் புள்ளி மறைந்தது, ஆபத்து நீங்கியது என்று கருவி சொன்னது. அதிகம் ஏறிவிட்டோம் என்று பதறி, இழுத்த அதே வேகத்தில் முன்னால் தள்ளினேன்.

இழுத்ததில் சிவபாக்கியம் முழங்கால் மடங்கி உட்கார்ந்திருக்கிறார். தள்ளியதில் தரையை விட்டு மேலே போயிருக்கிறார். விழுந்தது ஆசனத்தின் கைப்பிடியில். இடுப்பெலும்பு உடைந்தது.

இறங்கிய பின் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் விமானி அறையை விட்டு வெளியே வந்தபோது நடைபாதை முழுவதும் பேரீச்சம்பழம் சிதறிக் கிடந்தது. மிதிக்காமல் நடக்க முடியவில்லை.

விசாரணை நடந்தது. அது முடியும்வரை யாரிடமும் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து, பேசுவதற்கல்ல, பார்ப்பதற்கு மட்டும் என்று பதுளை வைத்தியசாலைக்குப் போனேன். சத்திரசிகிச்சை முடிந்து அவரை ஊர்ப்பக்கம் மாற்றியிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் அவர் வாட்டு முழுவதற்கும் கேட்கும்படி கத்தினார்.

"இவதான்! நான் சொன்னேன்ல, இவதான் அந்தப் புள்ள!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"எதுத்தாப்புல ஒரு ப்ளேன் வந்துருச்சு. இந்தப் புள்ள அப்படியே தூக்கிட்டா. எரநூறு பேரு உசுரு. எனக்கு இடுப்பு மட்டுந்தான் போச்சு."

"ஒன்ன யாரு எந்திரிச்சு நடக்கச் சொன்னா?" என்றாள் எதிர்க் கட்டிலில் இருந்த பெண். "ப்ளேன ஸ்பிரிங்வெளி பஸ்ஸுன்னு நெனச்சியா?"

"நெனச்சேன், ஒனக்கென்ன? பஸ்ஸுல டிரைவருக்கு வெத்தல குடுக்குறவதானே நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். சிவபாக்கியமும் சிரித்தார், சிரிக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் தர்ஷினி கட்டிலோரம் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள். எதிரே விமானம் வந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி விழுந்ததற்கு அப்படி ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் அல்லவா. நான் பேசாமல் இருந்தேன். பேசக்கூடாது என்ற உத்தரவு அன்றைக்கு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அறிக்கை வந்தது. எச்சரிக்கை பொய்யானது. ஏற்றியது சரி. விமானி தாமதித்தார், பின்னர் தேவைக்கு மேல் இழுத்தார், தேவைக்கு மேல் தள்ளினார். எனக்குத் தண்டனை எதுவுமில்லை. மறுபயிற்சி கொடுத்து, பறக்கலாம் என்றார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் ஸ்பிரிங்வெளித் தோட்டத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மகள், மாரியம்மன் திருவிழா வருது. தேருக்கு மொத நாளு மேடையில ஒங்களுக்கு ஒரு பொன்னாட போத்துறோம். எங்க பாக்கியத்தையும் பக்கத்துல ஒரு கதிரையில ஒக்கார வைக்கிறோம். நம்ம புள்ளைங்க பாக்கணும்ல, லயத்துல பொறந்தவ எரநூறு பேர காப்பாத்துனத."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "போயி வாங்கிட்டு வா" என்றார்.

"எப்படிம்மா? பொய்யில்லையா?"

"நீ என்ன பொய் சொன்ன? ஒன்னும் சொல்லல, சும்மா இருந்த. அந்தப் பொம்பள அத நம்பிக்கிட்டு நிம்மதியா இருக்கா. அவ நிம்மதிய புடுங்கி நீ என்ன பண்ணப் போற? ஒன் மனசு லேசாகணும்னு அவ தலையில எறக்கி வைக்கப் போறியா?"

மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்று நான் எழுதிய அம்மா கேட்ட கேள்வி இது. ஆனால் அந்த மேடையில், உடைந்த இடுப்போடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பொன்னாடையை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது என்று மட்டும் தெரிந்தது. விழாவுக்கு முதல் நாள் பஸ் ஏறினேன்.

சிவபாக்கியத்தின் வீட்டில் கட்டிலோரம் நான்கு கால் ஊன்றுகோல் நின்றது. அவர் அதைப் பிடித்து வாசல்வரை வந்து என்னை உள்ளே அழைத்துப் போனார். பத்தடி நடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்காதது போல இருந்தேன். இனி வெளிநாட்டுக்கும் போக முடியாது, மலையில் ஏறிக் கொழுந்தும் எடுக்க முடியாது. தர்ஷினி உயர்தரப் படிப்பை நிறுத்திவிட்டுப் பதுளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு மேடைக்கு முந்தி ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"என்ன சேல கட்டுறதுன்னா? நான் ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். நீங்க பாத்து சொல்லுங்க."

"எதுத்தாப்புல ப்ளேன் எதுவும் வரலக்கா."

அவர் சிரித்த முகம் அப்படியே இருந்தது. "வந்து திரும்பிப் போயிருச்சா?"

"இல்லக்கா. வரவே இல்ல. மெஷின் தப்பா சொல்லிருச்சு."

அடுப்பருகே தர்ஷினி கரண்டியைக் கீழே வைத்தாள். சிவபாக்கியம் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்கு விழுந்தேன்?"

நான் விளக்கினேன். கருவி பொய் சொன்னாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும், உள்ளே இருப்பவருக்கு எது பொய் எது மெய் என்று தெரியாது, தெரியும் என்று நினைப்பவர்தான் ஒரு நாள் இருநூறு பேரைக் கொல்வார் என்றெல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப நீங்க செஞ்சது சரிதானே தங்கச்சி?"

எனக்காக அவர் ஒரு கதவைத் திறந்துவைத்தார். ஆமாம் என்று சொன்னால் போதும். அதில் பொய்யும் இல்லை, அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. தர்ஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்துனது சரிக்கா. ஏத்துன வெதம் தப்பு. சத்தம் கேட்ட ஒடனே மெதுவா ஏத்தியிருக்கணும். எனக்குத் தெரியும்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன். பொறவு பயந்து போயி ஒரேயடியா இழுத்துட்டேன்."

"மெதுவான்னா எவ்வளவு?"

என் உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்து, விரல் நுனியைச் சற்றே மேலே தூக்கிக் காட்டினேன்.

அவர் ஊன்றுகோலிலிருந்து ஒரு கையை எடுத்தார். என்னைப் போலவே உள்ளங்கையை நீட்டி, விரல் நுனியைத் தூக்கினார். "இவ்வளவா?"

"இன்னுங் கொஞ்சம் கொறைய."

குறைத்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க்கா."

தன் கையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பஸ் போயிரும், நீங்க கெளம்புங்க" என்றார். தர்ஷினி போட்ட தேநீரை யாரும் எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

தலைவர் வீட்டில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "இத ஏம்மா இப்ப வந்து சொல்றீங்க? பொன்னாடையும் வாங்கியாச்சே" என்றார். கடைசியில், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த ஒரு பிள்ளைக்கு அதைப் போர்த்தியதாகக் கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பொய் எச்சரிக்கையால் யாருக்கும் காயம் வருவதில்லை. பொய் என்று நாம் தீர்மானிக்கும் அந்த இடைவெளியில்தான் காயம் உண்டாகிறது. நாமெல்லாம் கெட்டிக்காரர்கள் என்று நிரூபித்து, நிரூபித்து இந்த ஆசனத்துக்கு வந்தவர்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்வது மற்றவர்களைவிட நமக்குக் கஷ்டம். சத்தம் கேட்டால் யோசிக்காதீர்கள். கை உடனே அசையட்டும், கொஞ்சமாக அசையட்டும். பொய்யா மெய்யா என்பதைத் தரையில் இறங்கிப் பேசிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகும் நான் ஏழு மாதம் பறந்தேன். வேறொரு விமானத்தில், நடுப்பகலில், மறுபடி கருவியின் குரல் வந்தது. உடனே ஏற்றினேன், கொஞ்சமாக. முப்பது நொடியில் முடிந்துவிட்டது. உணவு கொடுத்துக்கொண்டிருந்த பணிப்பெண்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. இறங்கியதும் எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கட்டுநாயக்க விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு சிவபாக்கியத்தைக் கூப்பிட்டேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, இன்னைக்கும் அந்தச் சத்தம் வந்துச்சு. ஒடனே மெதுவா ஏத்திட்டேன். ஒன்னும் ஆகல."

"யாரும் விழலயா?"

"யாரும் விழலக்கா."

"நின்னுக்கிட்டு இருந்தவங்க?"

"அவங்களும் விழல."

அந்தப் பக்கம் வானொலிச் சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள். சிவபாக்கியம் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த வாரமே தரைப் பணிக்கு மாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தேன்.